பேஜ் பாட்டிலைக் குட்டையில் ஊற்றலாமா?

கேள்வி: வேதாரண்யம் பக்கம் ஒரு ஏக்கர் குட்டையில் 1 லட்சம் வன்னாமி இறால் குஞ்சு விட்டிருக்கிறேன். இன்று 58-ஆவது நாள். நான்கு நாளாக வெள்ளைக் கழிச்சல் மிதக்கிறது, தீவனம் தின்பதைப் பார்க்க வைக்கும் செக் ட்ரேயில் தீவனம் மிஞ்சுகிறது. குட்டைத் தண்ணீரில் 1 மி.லி.க்குப் பச்சைக் காலனி (தட்டில் பச்சையாக முளைக்கும் விப்ரியோ பாக்டீரியா) 900 என்று லேப்பில் எழுதிக் கொடுத்தார்கள். ஆன்டிபயாடிக் போட்டால் ஏற்றுமதியில் மாட்டிக்கொள்ளும் என்று கடைக்காரர் ‘பேஜ்’ என்று ஒரு லிட்டர் பாட்டில் தருகிறார். 1 மி.லி.க்கு 100 கோடி பி.எஃப்.யூ. (உயிருள்ள பேஜ் எண்ணிக்கை) என்று லேபிளில் இருக்கிறது. ஏக்கருக்கு ஒரு லிட்டர் அப்படியே ஊற்றச் சொல்கிறார். ஊற்றலாமா?

பதில்: குட்டையில் ஊற்றாதீர்கள். தீவனத்தில் கலந்து கொடுக்கலாம், அதுவும் இரண்டு சோதனைகள் முடிந்த பிறகு.

பேஜ் என்பது பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ். இறாலையும் ஒன்றும் செய்யாது, அதைச் சாப்பிடுகிறவரையும் ஒன்றும் செய்யாது. கிருமியின் தோலில் ஒட்டி, உள்ளே தன் மரபுப்பொருளைச் செலுத்தி, குட்டிகளைப் பெருக்கி, கிருமியை வெடிக்க வைத்து வெளியே வரும். விஷயம் புதிதல்ல. கங்கை, யமுனைத் தண்ணீர் காலராக் கிருமியைக் கொல்கிறது என்று விஞ்ஞானி ஹான்கின் 1896-லேயே எழுதினார். 1917-இல் டெரெல் என்ற விஞ்ஞானி இதற்கு ‘பாக்டீரியோபேஜ்’ என்று பெயர் வைத்தார். காலராக் கிருமியும் ஒரு விப்ரியோதான், உங்கள் குட்டையில் இருப்பதற்கு ஒன்றுவிட்ட உறவு.

கடைக்காரர் சொல்லும் அளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர், 1.2 மீட்டர் ஆழம் என்றால் சுமார் 48.5 லட்சம் லிட்டர் தண்ணீர். 1 மி.லி.யில் 100 கோடி பேஜ் என்பது உண்மையாகவே இருந்தாலும், ஒரு லிட்டரை ஊற்றினால் குட்டையில் 1 மி.லி.க்கு 200 பேஜ்தான் வரும். கரையோரக் கடல் நீரில் இயற்கையாகவே 1 மி.லி.க்குக் கோடிக்கணக்கில் வைரஸ்கள் மிதக்கின்றன. அந்தக் கூட்டத்தில் இந்த 200 எந்த மூலைக்கு? பேஜுக்கு நீந்தத் தெரியாது, மிதந்துபோய்த் தற்செயலாகக் கிருமியில் மோத வேண்டும். வேகமாக ஒட்டும் ரகம் என்றே வைத்துக்கொண்டாலும், இந்த அடர்த்தியில் ஒரு விப்ரியோ ஒரு பேஜைச் சந்திக்கச் சராசரியாக 11 மாதத்துக்கு மேல் ஆகும். உங்கள் பயிரே 120 நாள். ‘ஒன்று ஒட்டினால் போதும், நூறாகப் பெருகிவிடும்’ என்பார்கள். மி.லி.க்கு 900 கிருமி இருக்கும் தண்ணீரில் அந்த முதல் ஒட்டுக்கே ஒரு பேஜ் இரண்டரை மாதம் அலைய வேண்டும். அதற்குள் சித்திரை வெயிலின் புற ஊதாக் கதிர் அதை முடித்துவிடும்.

அதே பாட்டிலில் இருந்து 10 மி.லி. எடுத்து 1 கிலோ தீவனத்தில் கலந்தால், ஒரு கிராம் தீவனத்தில் 1 கோடி பேஜ். கிருமி உட்கார்ந்திருக்கும் குடலுக்கே நேராகப் போகிறது. மாட்டுக்கோ மனிதனுக்கோ வாய்வழி கொடுத்தால் வயிற்று அமிலம் பேஜைக் கெடுக்கும். இறாலின் இரைப்பையில் அந்த அளவு புளிப்பு இல்லை என்பது நமக்கு வசதி.

ஆனால் முதலில், இது விப்ரியோவா? வெள்ளைக் கழிச்சலைப் பார்த்ததும் எல்லோரும் பச்சைக் காலனியைத்தான் குற்றம் சொல்கிறார்கள். டெல்டா குட்டைகளில் அதன் பின்னால் ஈ.எச்.பி. இருப்பதற்கு நிறைய வாய்ப்பு உண்டு. அது பாக்டீரியாவே இல்லை, ஈரலின் செல்லுக்குள் குடியிருக்கும் நுண்வித்து ஒட்டுண்ணி. அதன்மேல் எந்தப் பேஜும் வேலை செய்யாது. வெள்ளைப்புள்ளி நோயும் அப்படித்தான், அது வைரஸ். மிதக்கும் வெள்ளை நாடாவை வலையால் அள்ளி 95 சதவீத ஆல்கஹாலில் போட்டு பி.சி.ஆர். சோதனைக்குக் கொடுங்கள். கிருமி வளர்க்கும் சோதனைக்குப் பத்து இறாலை உயிரோடு, ஆக்சிஜன் பையில் கொண்டுபோங்கள். ஐஸில் புதைத்துச் செத்த இறாலைக் கொண்டுபோனால், செத்தபின் பெருகிய கிருமிதான் தட்டில் முளைக்கும். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம், சீர்காழியில் ராஜீவ் காந்தி நீருயிரி வளர்ப்பு மையம், இரண்டும் உங்களுக்கு எட்டும் தூரம்தான்.

இரண்டாவது சோதனை, இந்தப் பேஜ் உங்கள் குட்டைக் கிருமியைக் கொல்லுமா என்பது. பேஜ் ஒரு பூட்டுக்கு ஒரு சாவி. ஆந்திராவில் எடுத்த பாராஹீமோலிட்டிகஸை (விப்ரியோவில் ஓர் இனம்) கொல்லும் பேஜ், வேதாரண்யத்துப் பாராஹீமோலிட்டிகஸைத் தொடாமலே போகலாம். பெயர் ஒன்று, ரகம் வேறு. லேப்பில் இப்படிக் கேளுங்கள்: இறாலின் ஈரலை (தலைக்குள் இருக்கும் பழுப்பு உறுப்பு) அரைத்து டி.சி.பி.எஸ். தட்டில் (விப்ரியோவை வளர்க்கும் தட்டு) வளர்த்து, ஐந்து பச்சைக் காலனியைத் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றையும் உப்புச் சேர்த்த அகாரில் புல்தரை போலப் பரப்பி, அதன்மேல் பாட்டில் திரவத்தை 10 மைக்ரோலிட்டர் துளியாக வைக்க வேண்டும். 28 முதல் 30 டிகிரியில் ஓர் இரவு. துளி விழுந்த இடம் கண்ணாடி போலத் தெளிந்தால் கிருமி செத்திருக்கிறது. ஐந்தில் நான்கு தெளிந்தால் பாட்டிலை வாங்குங்கள். ஒன்றுதான் தெளிந்தது என்றால் வேண்டாம்.

தெளிந்ததாலேயே அது பேஜ் என்று நம்பிவிடவும் கூடாது. பாட்டிலில் யாராவது ஆன்டிபயாடிக்கைக் கலந்திருந்தாலும் தெளியும். அதனால் இன்னும் இரண்டு துளி வைக்கச் சொல்லுங்கள். ஒன்று, திரவத்தை 15 நிமிடம் கொதிநீரில் வைத்து ஆற்றியது. பேஜ் செத்துவிடும், தட்டு தெளியக்கூடாது. குளோராம்பெனிகால் போன்ற ஆன்டிபயாடிக் கொதித்தாலும் கெடாது. கொதித்த துளியும் தெளிந்தால் அந்தப் பாட்டிலைக் குட்டை வரப்பில்கூட வைக்காதீர்கள். இன்னொன்று, பத்துப் பத்து மடங்காக நீர்த்து, பத்து லட்சம் மடங்கு வரை போன துளி. உண்மையான பேஜ் என்றால் இங்கே முழுத் தெளிவு இருக்காது, ஊசியால் குத்தியதுபோலத் தனித்தனி ஓட்டைகள் தெரியும். மருந்து என்றால் நீர்க்க நீர்க்க மங்கி மறையுமே தவிர ஓட்டை விழாது. 100 கோடி என்ற லேபிள் சரியாக இருந்து, உங்கள் கிருமியும் அதற்கு முழுதாக மசிந்தால், அந்தக் கடைசித் துளியில் சுமார் 10 ஓட்டைகள் இருக்க வேண்டும். லேபிளில் பேஜ் எண்ணிக்கையே போடாத பாட்டிலுக்கு இந்தச் செலவுகூட வீண்.

ஏற்றுமதி பற்றிய உங்கள் பயம் நியாயமானது. குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் வகைகள் இறாலில் அறவே தடை. அறுவடைக்கு முந்தைய சோதனையில் தடயம் தெரிந்தாலே சரக்கு நிற்கும். கடைக்காரரிடம் ‘ஆன்டிபயாடிக் இல்லாத இடுபொருள்’ என்ற கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் சான்று எண்ணைக் கேளுங்கள்.

சோதனை இரண்டும் சாதகமாக வந்தால் தீவனக் கலவை. உங்கள் இறால் இப்போது 9 கிராம், பிழைப்பு 85 சதவீதம் என்று வைத்தால் குட்டையில் 765 கிலோ. நல்ல நாளில் 26 கிலோ தீவனம் போவது. குடல் நோயில் அதை 16 கிலோவுக்குக் குறையுங்கள், நான்கு வேளைக்கு நான்கு நான்கு கிலோ. ஒரு வேளைக்கு 40 மி.லி. பேஜ், அதோடு 80 மி.லி. உப்பு நீர். உப்பு நீர் என்றால் லிட்டருக்கு 9 கிராம் கல்லுப்பு போட்டுக் கொதிக்கவைத்து முழுதும் ஆறியது. குழாய்த் தண்ணீர் வேண்டாம், குளோரின் இருக்கும். பூச்செடிக்கு அடிக்கும் கைத்தெளிப்பானைப் புதிதாக வாங்கி, தார்ப்பாயில் பரப்பிய தீவனத்தில் தெளித்துப் புரட்டுங்கள். 15 நிமிடம் ஊறிய பிறகு 80 மி.லி. மீன் எண்ணெய் பூசுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் விழுந்ததும் பேஜ் கரைந்து போய்விடும். அரைமணி நிழலில் உலர்த்தல். வெயிலில் உலர்த்தினால் இவ்வளவு வேலையும் தண்டம். கலந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிடுங்கள், அடுத்த வேளைக்கு மிச்சம் வைக்காதீர்கள். ஒரு லிட்டர் பாட்டில் ஆறு நாள் வரும்.

அந்த ஆறு நாளும் பி.கே.சி., அயோடின், பொட்டாசியம் பெர்மாங்கனேட் போன்ற கிருமிநாசினி எதுவும் குட்டைக்குள் போகக்கூடாது. இவை பேஜையும் கெடுக்கக்கூடும். பேசில்லஸ் புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா) போடலாம், விப்ரியோ பேஜ் அதைத் தொடாது. ஆனால் வெல்லம், தவிடு போட்டுப் புளிக்கவைத்த டிரம்முக்குள் பேஜை ஊற்றாதீர்கள். அந்தப் புளிப்பு பி.எச். 4-க்குக் கீழே இறங்கும், பேஜ் தாங்காது. குடலுக்கென்று விற்கும் அமில மருந்தும் அதே வேளைத் தீவனத்தில் வேண்டாம்.

ஆரம்பிக்கும் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று ஈரலின் பச்சைக் காலனியை எண்ணச் சொல்லுங்கள். 1 கிராம் ஈரலுக்கு இத்தனை என்று இருக்கட்டும், தண்ணீர் எண்ணிக்கை இங்கே உதவாது. மூன்றாம் நாளில் பத்தில் ஒரு பங்காகக் குறையாவிட்டால் நிறுத்திவிடுங்கள். குறைந்து ஏழாம் நாளில் மறுபடி ஏறினால், பேஜுக்கு மசியாத கிருமி தலையெடுத்துவிட்டது. ஆன்டிபயாடிக்குக்குப் பழகுவதைப் போலவே பேஜுக்கும் கிருமி பழகும். அதனால்தான் பாட்டிலில் மூன்று நான்கு வகைப் பேஜைக் கலந்திருக்க வேண்டும் என்கிறோம். புதுக் காலனியை எடுத்து மறுபடி துளிச் சோதனை செய்யாமல் இரண்டாம் பாட்டிலுக்குப் போகாதீர்கள். இறால் கூட்டமாகச் சாகத் தொடங்கிய பிறகு பேஜை ஆரம்பிப்பதும் ஆபத்து. கிருமிகள் மொத்தமாக வெடிக்கும்போது உள்ளிருக்கும் நச்சு ஒரே நேரத்தில் வெளியே வரும்.

ஓடைத் தண்ணீரைக் கிருமிக் குழம்பில் ஊறவைத்து வீட்டிலேயே பேஜ் தயாரிக்கலாம் என்று வீடியோ சுற்றுகிறது. நுண்வடிகட்டி இல்லாமல் செய்தால் அது பேஜ் இல்லை, ஒரு வாளி விப்ரியோ. வடிகட்டினாலும், சில பேஜ்கள் கிருமியைக் கொல்லாமல் அதன் மரபணுவிலேயே ஒட்டிக்கொண்டு இருக்கும். விப்ரியோ ஹார்வேயி என்ற இனத்தில் அப்படி ஒட்டிய ஒரு பேஜ் கிருமியின் நச்சுத்தன்மையை ஏற்றிவிட்டது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள்.

பேஜின் உண்மையான இடம் குஞ்சுப் பொரிப்பகம். 10 டன் தொட்டிக்கு இதே ஒரு லிட்டர் ஊற்றினால் மி.லி.க்கு 1 லட்சம் பேஜ் வரும், உங்கள் குட்டையைப்போல 500 மடங்கு. மங்களூரில் புலி இறால் குஞ்சில் ஒளிரும் விப்ரியோவுக்கு எதிராகச் செய்த சோதனைகளில் பேஜ் நல்ல பலன் கொடுத்ததும் தொட்டியில்தான். அடுத்த பயிருக்குக் குஞ்சு வாங்கும்போது பொரிப்பகத்தில் ஆன்டிபயாடிக்கா, பேஜா என்று கேட்டு வாங்குங்கள்.

பாட்டில் இப்போது எங்கே இருக்கிறது? மோட்டார் கொட்டகையில் என்றால், சோதனைக்கு அனுப்புவதற்கு முன் கடையில் மாற்றி, ஃப்ரிட்ஜில் வைத்திருந்த வேறு பாட்டிலாகக் கேளுங்கள். தகரக் கூரைக்குக் கீழே நான்கு நாள் வெந்த பாட்டிலைச் சோதித்தால், நல்ல பேஜும் தேறாது. வீட்டிலும் 4 டிகிரியில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம்.