பழைய ஹாலிவுட் நகைச்சுவைப் படங்களில் வரும் பணக்கார–ஏழைக் காதல் இன்றும் ஏன் ரசிக்க வைக்கிறது?

காதலைவிடப் பணத்தைப் பற்றி அவை கூச்சமில்லாமல் பேசுவதுதான் காரணம் என்பேன். 1934இல் வந்த ‘இட் ஹாப்பன்ட் ஒன் நைட்’ படத்தில், வீட்டைவிட்டு ஓடிய கோடீஸ்வரர் மகள் மயாமியிலிருந்து நியூயார்க்குக்குப் பஸ் ஏறுகிறாள். பக்கத்து இருக்கையில் வேலையிழந்த பத்திரிகையாளன் (கிளார்க் கேபிள்). டோனட்டைக் காப்பியில் எப்படித் தோய்ப்பது என்று அவளுக்கு அவன் பாடம் எடுக்கிறான். பணத்தால் வராத தேர்ச்சி. அதில் அவனுக்குக் கர்வம் வேறு! கடைசியில் அவள் தந்தை அறிவித்த 10,000 டாலர் பரிசை அவன் கேட்பதில்லை. கைக்காசு செலவான 39 டாலர் 60 சென்ட்டை மட்டும் கணக்குப் போட்டுக் கேட்கிறான். அந்த 60 சென்ட்டில்தான் அவனுடைய மானம் இருக்கிறது.

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் அடிபட்டவர்கள் பார்த்த படங்கள் இவை. பணக்காரர்களின் அசட்டுத்தனத்தைக் கண்டு சிரிக்கவும், அவர்களுடைய மாளிகைகளை வாய்பிளந்து பார்க்கவும் ஒரே டிக்கெட் போதும்.

கொஞ்சம் ஏமாற்று வேலையும் உண்டு. ‘மை மேன் காட்ஃப்ரி’ (1936) படத்தில் குப்பைமேட்டிலிருந்து வந்து பட்லராகும் நாயகன், உண்மையில் பாஸ்டன் செல்வக் குடும்பத்துப் பிள்ளை. பணக்கார–ஏழை இடைவெளியைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போகும் தந்திரம் அது. எனக்கு அங்கே உறுத்தும். நாயகி கரோல் லம்பார்ட் படபடவென்று பேசத் தொடங்கும்வரை.