குறைந்த செலவில் நல்ல மீன்: சுங்கை சிப்புட் வட்டார வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் 28 ஆண்டுகள் மீன் விற்றவன் நான். முதலில் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கு லயம் லயமாகப் போனேன். பிறகு பாசாரில் (சந்தையில்) ஒரு மேசை எடுத்தேன். அந்த அனுபவத்தைக் கொண்டும், அதன்பின் படித்துத் தெரிந்துகொண்டதைக் கொண்டும் இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் கணவர் செம்பனைத் தோட்டத்தில் 1,700 ரிங்கிட் சம்பளத்தில் வேலை செய்கிறார். வீட்டில் ஐந்து பேர். மீனுக்கு வாரம் 30 ரிங்கிட்டுக்கு மேல் ஒதுக்க முடியவில்லை. பாவாலும் (வாவல்) தெங்கிரியும் (வஞ்சிரம்) எங்களுக்கு எட்டாதவை ஆகிவிட்டன. எந்த மீனை வாங்கலாம்? (லிந்தாங்)

அம்மா, வீட்டிலிருந்து கிளம்பும்போதே இன்ன மீன்தான் வாங்குவது என்று முடிவு செய்துவிடாதீர்கள். விலை ஏறியிருக்கும் நாளிலும் அதே மீனைத் தேடுகிறவர் அதிகம் கொடுக்கிறார். அதற்கு இரண்டு மேசை தள்ளி, அன்று விடியற்காலையில் வந்திறங்கிய மலிவான மீன் வாங்க ஆளில்லாமல் கிடக்கும். குழம்புக்குக் கெம்போங் (அயிலை), பொரிக்கச் செலாயாங் அல்லது செலார், சம்பால் அடைத்துப் பொரிக்கச் செஞ்சாரு, புளிக்குழம்புக்குக் கெலாமா, ரசத்துக்கும் சொதிக்கும் கெக்கெக் எனப்படும் காரல் என்று ஒவ்வொரு சமையலுக்கும் இரண்டு மூன்று மீன்களை மனத்தில் வைத்துக்கொண்டு போங்கள். செஞ்சாருவின் தோல் தடிப்பு, வால் பக்கத்துச் செதில் முரடு என்று நம்மவர்கள் ஒதுக்குகிறார்கள். அந்த முரட்டுச் செதில் வரிசையைக் கத்தியால் சீவிவிட்டு, முதுகைக் கீறி மிளகாய்ச் சம்பாலை அடைத்துப் பொரித்தால், கெட்டியான சதையுள்ள அருமையான மீன் அது.

கிலோ விலையை மட்டும் பார்த்து மலிவு என்று எண்ணுவதும் தவறாக முடியும். தலை, குடல், முள் போனபின் தட்டில் விழும் சதைக்கு என்ன விலை என்று கணக்கிட வேண்டும். எடுத்துக்காட்டுக்குச் சில விலைகளை வைத்துக்கொள்வோம். கெம்போங் கிலோ 15 ரிங்கிட் என்றால், பாதிதான் சதை என்பதால், ஒரு கிலோ சதையின் விலை 30 ரிங்கிட் ஆகிறது. பெரிய தலையுள்ள சியாக்காப் (கொடுவா) கிலோ 22 ரிங்கிட் என்றால், சதை ஏறக்குறைய 40 விழுக்காடு என்பதால், 55 ரிங்கிட். தெங்கிரித் துண்டு கிலோ 45 ரிங்கிட் என்றாலும், அதில் கழிவு மிகக் குறைவு என்பதால், 53 ரிங்கிட்டை ஒட்டி வரும். ஆகவே, சியாக்காப்பின் தலையைக் குழம்பில் போட்டு உண்ணாத வீட்டிற்கு அது தெங்கிரியைவிட மலிவு அன்று. அதே வேளையில், செலாயாங் 9 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் நாளில் ஒரு கிலோ சதை 18 ரிங்கிட்டுக்குக் கிடைத்துவிடுகிறது.

சத்துக் குறைந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம். கெம்போங், தம்பான் (மத்தி வகை) போன்ற எண்ணெய்ச் சத்துள்ள சிறு மீன்களில் ஒமேகா-3 கொழுப்பு நன்றாகவே இருக்கிறது. பிள்ளைகளின் உடல்நலத்திற்காக என்று கடன் வாங்கியாவது சால்மன் வாங்குகிற தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்குத் தேவையே இல்லை.

கேள்வி: ஒரே மேசையில் ஒரு வாரம் கெம்போங் மலிவாகவும் மறு வாரம் மிக அதிக விலையிலும் இருப்பது ஏன்? (சாலாக்)

இதற்கு வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே பாதி விடை சொல்லும். கெம்போங், செலாயாங், செலார் போன்ற கூட்ட மீன்களைச் சுருக்குவலைப் படகுகள் பெரும்பாலும் இரவில் விளக்கு வெளிச்சத்தைக் காட்டி ஈர்த்து, வளைத்துப் பிடிக்கின்றன. வானம் இருட்டாக இருந்தால்தான் அந்த விளக்குக்கு மீன் கூடும். பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் நிலவொளி கடல் முழுவதும் பரவிவிடுவதால், பல படகுகள் கரையிலேயே நின்றுவிடுகின்றன; வரத்துக் குறைந்து விலை ஏறுகிறது. அமாவாசையை ஒட்டிய நாட்களில் இது தலைகீழாகும். அமாவாசையன்று விரதம் இருப்பவர்கள் அதற்கு அடுத்த நாள்களில் பாசாருக்குப் போனால் நல்ல மீன் நல்ல விலைக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம். பௌர்ணமி வாரத்தில் மீன் வாங்கியே ஆகவேண்டும் என்றால், இழுவலையில் பிடிபடும் கெரிசி, கெலாமா ஆகியவற்றைப் பாருங்கள். அவற்றின் வரத்து நிலவை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை.

இதற்கு மேலும் சில காரணங்கள் உண்டு. ஏறத்தாழ நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரைப் படகுகளைக் கட்டிப்போட்டுவிடுவதால், நம்முடைய லுமுட், பந்தாய் ரெமிஸ், கோலா செபெத்தாங் மீனுக்கும் நாடு முழுவதும் போட்டி வந்துவிடுகிறது. சீனப் புத்தாண்டையொட்டி மேற்குக் கரைப் படகுகள் பல நாட்கள் ஓய்வெடுக்கின்றன. புரட்டாசி விரதம் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நம்மவர்கள் மொத்தமாகப் பாசாருக்கு வருவதால் அன்று பேரம் பேசவே முடியாது. அந்த ஒரு நாளை மட்டும் விட்டுவிட்டுப் புதன்கிழமை போங்கள்.

கேள்வி: செவுள் சிவப்பாக இருந்தால் புதுமீன் என்று நம்பி வாங்கி இரண்டு முறை ஏமாந்துவிட்டேன். வேறு எதைப் பார்ப்பது? (சுங்கை சிப்புட் நகரம்)

செவுளைப் பார்ப்பது சரிதான். அதை மட்டும் பார்த்தது போதாது. ஒரு கெம்போங்கைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தலையைப் பிடித்துக் கிடைமட்டமாகத் தூக்கினால், சில மணி நேரத்துக்கு முன் பிடித்த மீன் குச்சிபோல் நேராக நிற்கும். நாட்பட்ட மீனின் வால் துவண்டு தொங்கும். முதுகின் நீலப்பச்சை நிறமும் அதன் மேலுள்ள கரும்புள்ளி வரிசையும் தெளிவாக இருக்க வேண்டும். பழைய மீனில் அவை சாம்பல் பூத்ததுபோல் மங்கிவிடும். கண் வெளியே புடைத்து, கருவிழி கறுப்பாகவும் சுற்றிலும் தெளிவாகவும் இருக்க வேண்டும். பிறகு கட்டை விரலால் வயிற்றை அழுத்துங்கள். கெம்போங்கிலும் தம்பானிலும் கேடு முதலில் வயிற்றிலிருந்தே தொடங்குகிறது. குடலிலுள்ள செரிமான நொதிகள் மீன் இறந்தபின் வயிற்றுச் சுவரையே கரைக்கத் தொடங்குவதால், வயிறு மெத்தென்று அமுங்கினாலோ அடியில் கிழிந்திருந்தாலோ செவுள் எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் அதை வைத்துவிடுங்கள். கடைசியாகச் செவுளைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புதுமீனில் கடல்நீர் வாடைதான் வரும். புளித்த வாடையோ மூக்கைத் துளைக்கும் கவுச்சியோ வரக்கூடாது.

துண்டு போட்ட தெங்கிரியில் கண்ணும் செவுளும் கிடையாது. அதில் நடு முள்ளை ஒட்டிய இரத்தப் பகுதி சிவப்பாக இருக்கிறதா, பழுப்பாகிவிட்டதா என்றும், சதை முள்ளை விட்டு விலகாமல் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மீனைத் தொட்டுப் பார்க்க விடாத கடைக்காரரிடம் சண்டை வேண்டாம், அங்கே வாங்கவும் வேண்டாம்.

கேள்வி: உறைய வைத்த மீன் எல்லாம் பழைய மீன்தானே? (தாமான் குடியிருப்பிலிருந்து ஒரு பாட்டி)

அப்படி இல்லை, அம்மா. பிடித்த உடனே உறைய வைத்த மீன், வெயிலில் நான்கு மணி நேரம் கிடந்த பச்சை மீனைவிட எவ்வளவோ மேலானது. வெளிநாட்டிலிருந்து உறைந்து வரும் கெம்போங்கை உருக வைத்துப் பச்சை மீன் விலைக்கு விற்பதுதான் குறை. உருகிய மீனின் கண் வெண்மையாக மங்கியிருக்கும், தோல் பளபளப்பிழந்திருக்கும், சதையிலிருந்து நீர் கசியும். அதற்குரிய குறைந்த விலைக்குத் தந்தால் வாங்கலாம், ஆனால் வீட்டில் மறுபடியும் உறைய வைக்காமல் அன்றே சமைத்துவிடுங்கள்.

மலிவான நாளில் கூடுதலாக வாங்கிச் சேமிக்க நினைப்பவர்கள், மீனை ஆய்ந்து, கழுவி, ஈரம் ஒற்றி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் காற்றுப் புகாமல் தட்டையாகக் கட்டி வையுங்கள். கெம்போங் போன்ற எண்ணெய் மீன்கள் −18 பாகை செல்சியசில் இரண்டு மூன்று மாதம் வரை சுவை மாறாமல் இருக்கும். கெரிசி போன்ற கொழுப்புக் குறைந்த மீன்கள் ஆறு மாதம் தாங்கும். உறைய வைக்காமல் குளிர்பெட்டியில் மட்டும் வைத்தால் இரண்டு நாட்களுக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: தொங்கோல் (சூரை) மீன் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் முகம் சிவந்து உடம்பெல்லாம் அரிப்பு எடுத்தது. அதே மீனை முன்பு பலமுறை சாப்பிட்டிருக்கிறேன். ஒவ்வாமையா? (ஜாலோங்)

ஒவ்வாமை என்பதைவிட, மீன் வெப்பத்தில் கிடந்ததால் வந்த நச்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தொங்கோல், கெம்போங், தம்பான் போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்னும் பொருள் மிகுதி. மீன் குளிரின்றிக் கிடக்கும்போது பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகிறது. ஒருமுறை உண்டாகிவிட்டால் அதைக் கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் போக்க முடியாது. பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானாக அடங்கும். மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நல்ல மீனை உண்ணும்போதும் இது திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் ஒவ்வாமைச் சோதனை செய்துகொள்ளுங்கள்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில், ஐஸ் வாங்கும் காசை மிச்சப்படுத்த எண்ணி, ஒருநாள் தொங்கோல் பெட்டியில் பாதி அளவே ஐஸ் போட்டுக்கொண்டு கிளம்பினேன். நான்காவது லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐஸ் முழுவதும் உருகிவிட்டிருந்தது; மீன் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. சம்பள நாளுக்குக் காசு தருவதாகச் சொல்லி 555 என்னும் கடன் கணக்குப் புத்தகத்தில் எழுதச் சொன்ன ஓர் அம்மா இரண்டு மீன் வாங்கினார். மறுநாள் அவர் மூன்று பிள்ளைகளையும் நிறுத்தி, கழுத்திலும் முதுகிலும் தடித்திருந்த சிவப்பைக் காட்டினார். திட்டக்கூட இல்லை, "தம்பி, இனிமேல் பார்த்துக் கொண்டு வா" என்று மட்டும் சொன்னார். அந்தக் கணக்கை நான் அடித்துவிட்டேன். அன்றிலிருந்து ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்ற அளவை நான் குறைத்ததில்லை. வாங்குகிறவர்களும் தொங்கோலை மட்டும் ஐஸில் புதைந்திருக்கும் கடையில்தான் வாங்க வேண்டும். மாலைச் சந்தையில் தட்டில் பரப்பி வைத்திருப்பது எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

கேள்வி: மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பால் சுரக்கச் சுறாப் புட்டு கொடுக்க வேண்டும் என்கிறார்கள். சுறா விலை அதிகம், வாடையும் வருகிறது. என்ன செய்வது? (சுங்கை சிப்புட்)

முதலில் வாடையைப் பற்றி. சுறாவின் சதையிலும் திருக்கையின் சதையிலும் இயற்கையாகவே யூரியா இருக்கிறது; மீன் நாட்பட நாட்பட அது அம்மோனியாவாக மாறுகிறது. எனவே கண்ணைக் கரிக்கும் அந்த வாடை வந்தால், அது சுறாவின் குணம் அன்று, பழைய மீன் என்பதற்கு அடையாளம். இரண்டாவது, பெரிய சுறா பல ஆண்டுகள் மற்ற மீன்களைத் தின்று வளர்வதால் அதன் உடலில் பாதரசம் சேர்கிறது. பாலூட்டும் தாய்க்கு அதைத் தொடர்ந்து கொடுப்பதை நான் விரும்பவில்லை. வீட்டுப் பெரியவர்களின் மனம் நோகாமல் இருக்க வேண்டுமானால், சிறிய சுறாக்குட்டியை ஒருமுறை புட்டு செய்து கொடுங்கள். மற்ற நாட்களுக்கு நம் முன்னோர்களே பிள்ளை பெற்றவளுக்குக் கொடுத்துவந்த காரல் சொதி இருக்கிறது. பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு வைத்தால் அதற்கு ஆகும் செலவு சுறாவுக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான்.

கேள்வி: தீலாப்பியாவிலும் கெளியிலும் (கெளுத்தி) சேற்று வாடை போகவே மாட்டேன் என்கிறது.

குளத்து நீரில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்னும் பொருளே அந்த வாடைக்குக் காரணம். புளிப்பு அதைச் சிதைத்துவிடும். ஆய்ந்த மீனைக் கல்லுப்பால் தேய்த்துக் கழுவி, புளிக்கரைசலிலோ எலுமிச்சைச் சாற்றிலோ கால் மணி நேரம் ஊறவைத்து, மஞ்சள் தடவிச் சமையுங்கள். வயிற்றின் உள்ளே இருக்கும் கறுப்புச் சவ்வையும் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஈ மொய்க்காத மீனில் ஃபார்மலின் கலந்திருக்கும் என்பது உண்மையா?

அதை வைத்து முடிவு செய்ய முடியாது. ஐஸ் நிறைந்த, மின்விசிறி சுழலும் மேசையில் ஈ குறைவாகத்தான் இருக்கும். மீனில் ஃபார்மலின் கலப்பது நம் நாட்டுச் சட்டப்படி குற்றம். அதை உறுதி செய்ய ஆய்வகச் சோதனை வேண்டும். சதை ரப்பர்போல் விறைத்து, மீன் வாடையே இல்லாமல் வேறு காரமான வாடை வந்தால் வாங்காதீர்கள். மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் தெரிவியுங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக்கு இப்போது மீன்காரர் வருவதில்லை. பாசாருக்குப் போய்வர எண்ணெய்ச் செலவே மீன் விலைக்கு வந்துவிடுகிறது. (ஒரு தோட்டத்து இளைஞர்)

தம்பி, தனியாகப் போகாமல் ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து, வாரம் ஒருமுறை ஒருவரை அனுப்புங்கள். பத்துக் கிலோவுக்கு மேல் ஒரே வகை மீனைக் கூடையோடு எடுத்தால் பெரும்பாலான வியாபாரிகள் கிலோவுக்கு ஓரிரண்டு ரிங்கிட் குறைப்பார்கள், நானும் குறைத்திருக்கிறேன். எடை போட்ட பிறகே ஆயச் சொல்லுங்கள். எடை போடும்போது தட்டில் ஐஸும் தேங்கிய நீரும் இல்லாமல் பாருங்கள். தலைகளை வாங்க ஆளில்லை என்றால் கேட்டு வாங்கி வாருங்கள். மூடியுள்ள ஐஸ் பெட்டி ஒன்றைப் பொதுப் பணத்தில் வாங்கி, அடியில் ஐஸ், நடுவில் மீன், மேலே மீண்டும் ஐஸ் என்று அடுக்கி, உருகும் நீர் வெளியேற அடியில் உள்ள துளையைத் திறந்தே வையுங்கள். உருகிய நீரில் ஊறிக்கொண்டே வரும் மீன், நீங்கள் லயத்துக்கு வந்து சேர்வதற்குள் சுவையிழந்துவிடும்.