பெறாமகன் கையில் வங்கி அட்டை: எந்தக் கந்தோருக்கு முதலில் போவது?

கேள்வி: உப்புவெளியில் எங்கள் பக்கத்து வீட்டில் 74 வயது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகள் லண்டனில். இரண்டு வருடத்துக்கு முன் துணைக்கென்று வந்த அவருடைய தங்கையின் மகன் (பெறாமகன்), டீச்சரின் ஏ.டி.எம். அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் இப்போது தானே வைத்திருக்கிறார். வீட்டையும் எழுதித் தரச்சொல்லி நெருக்குகிறார் என்று டீச்சர் வேலிக்கரையில் நின்று அழுதார். பொலிஸுக்குப் போனோம்; குடும்பப் பிரச்சினை, இணக்கசபைக்குப் போங்கள் என்றார்கள். கிராம அலுவலர் பிரதேச செயலகத்தைக் காட்டினார். வங்கியோ, கணக்குக்காரர் வந்தால்தான் பேசுவோம் என்றது. நாங்கள் யாரைத்தான் பிடிப்பது?

பதில்: பொலிஸைத் தவிர மற்ற இரண்டு இடத்திலும் உங்களுக்குச் சொன்னது பிழையில்லை. ஒவ்வொருவரும் தங்கள் மேசைக்கு உட்பட்டதை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். மகள் லண்டனில் இருப்பதால் "சோஷல் சேர்விஸுக்கு ஒரு கோல் எடுத்தால் வந்து பார்ப்பார்களே" என்று கேட்கக்கூடும். அங்கே 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம், ஆதரவு தேவைப்படும் வயதுவந்தவர் துன்புறுத்தப்படுகிறார் என்ற சந்தேகம் எழுந்தாலே உள்ளூராட்சி மன்றம் விசாரித்தாக வேண்டும் என்கிறது. பொலிஸ், சுகாதாரத் துறை, மன்றம் மூன்றும் ஒன்றாக இருந்து பேசும் சபையையும் கட்டாயமாக்குகிறது. இலங்கையில் அப்படி ஒரே கூரையின் கீழ் எல்லாவற்றையும் கொண்டுவரும் சட்டம் இல்லை. அதிகாரங்கள் இருக்கின்றன, ஆனால் ஐந்தாறு கந்தோர்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒரு மேசைக்குக் கொண்டுவரும் வேலை உங்களைப் போன்றவர்கள் தலையில்தான் விழுகிறது. செய்யக்கூடிய வேலைதான். ஒழுங்கு தவறினால்தான் கெட்டுப்போகும்.

முதலில் டீச்சரிடம் தனியாகப் பேசுங்கள். பெறாமகன் வீட்டில் இல்லாத நேரம், கோயிலிலோ கிளினிக்கிலோ. "என்ன நடக்க வேணும் எண்டு விரும்புறீங்கள் டீச்சர்?" என்று கேளுங்கள். அட்டை திரும்பி வந்தால் போதும், அவன் இருக்கட்டும் என்று சொல்லக்கூடும். அவன் வெளியே போக வேண்டும் என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் வழி வேறு. அவர் புத்தி தெளிவாக இருக்கும்வரை அவர் சொல்வதே முடிவு. பக்கத்து வீட்டாரின் கோபத்தில் நடக்கும் காரியங்கள் கடைசியில் டீச்சரை ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டு, வீட்டைப் பெறாமகனிடமே விட்டுவிடுவதும் உண்டு. பெறாமகனிடம் நேரில் போய்ச் சண்டை பிடிக்கவும் வேண்டாம். நீங்கள் எச்சரித்த மறுநாளே டீச்சரை உறுதி எழுத நொத்தாரிசிடம் கூட்டிக்கொண்டு போகும் ஆட்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது பணம். இதற்கு எந்தக் கந்தோரின் அனுமதியும் தேவையில்லை. அட்டையை நிறுத்த, வங்கியின் அவசர இலக்கத்துக்கு டீச்சரே தன் குரலில் பேசினால் போதும். அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்பார்கள், வேறு ஓரிரு கேள்விகளும் வரலாம். பிறகு கிளைக்குப் போய் மூன்று விடயங்களைச் செய்ய வேண்டும்: புதிய வங்கிப் புத்தகம் எடுப்பது, குறுஞ்செய்தி போகும் தொலைபேசி இலக்கத்தை மாற்றுவது, கணக்கு கூட்டுக் கணக்காக மாற்றப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது. பலர் தவறவிடுவது இரண்டாவதை. அட்டை புதிதாக வந்திருக்கும், ஆனால் ஒவ்வொரு வைப்பும் பெறாமகனின் போனுக்கே மணியடித்துக்கொண்டிருக்கும். மூன்றாவதில் "இருவரில் ஒருவர்" என்று போட்டிருந்தால் அட்டையை நிறுத்தியும் பயனில்லை, அவர் புத்தகத்தோடு போய் எடுப்பார். அப்படியானால் டீச்சர் பெயரில் மட்டும் புதிய கணக்குத் திறந்து, ஓய்வூதியத்தை அதற்கு மாற்றும்படி பிரதேச செயலகத்தின் ஓய்வூதியக் கிளையில் எழுத்தில் கேட்க வேண்டும். நடக்க முடியாதவர் என்றால் வீட்டுக்கு வந்து கையொப்பம் வாங்க முடியுமா என்று கிளை முகாமையாளரைக் கேளுங்கள். உங்களிடம் வங்கி கணக்கு விபரம் சொல்லாது, சொல்லவும் கூடாது. ஆனால் நீங்கள் சொல்வதை வங்கி கேட்டுக்கொள்ளலாம்: "இந்தக் கணக்குக்காரர் நெருக்குதலில் இருக்கிறார் என்று நம்புகிறோம்" என்று முகாமையாளருக்கு ஒரு கடிதம் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். மகள் லண்டனிலிருந்து அனுப்பும் காசு பெறாமகன் கணக்குக்கு வருகிறதென்றால், அந்தக் குழாயை இன்றே பூட்டச் சொல்லுங்கள்.

மூன்றாவது காணி. அது எந்த வகைக் காணி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. திருகோணமலையில் பலரது வளவுகள் அரசு கொடுத்த உத்தரவுப்பத்திரக் (பெர்மிட்) காணி அல்லது அளிப்புக் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவையானால், பிரதேச செயலாளரின் எழுத்து மூல முன் அனுமதி இல்லாமல் கைமாற்றவே முடியாது. நொத்தாரிசு எழுதிக் கொடுத்தாலும் அந்த எழுத்து செல்லாது. ஆகவே பிரதேச செயலகக் காணிக் கிளையில் டீச்சரின் கையொப்பத்தோடு ஒரு கடிதம்: "நான் நேரில் வந்து சொல்லாமல் எந்தக் கைமாற்றத்துக்கும் அனுமதி தர வேண்டாம்." டீச்சருக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளராக யார் பெயர் பதிந்திருக்கிறது என்பதையும் அப்போதே பாருங்கள். பெறாமகன் பெயர் ஏறியிருந்தால் டீச்சர் உயிரோடு இருக்கும்போதே அதை இரத்துச் செய்யலாம்.

உறுதிக் காணி, அதாவது நொத்தாரிசு எழுதிய உறுதி உள்ள சொந்தக் காணி என்றால் கதை வேறு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூட இருந்து எழுதினால்தான் காணிக் கைமாற்றம் செல்லும். ஆனால் அந்தச் சாட்சிகளைக் கூட்டிவருவது யார்? பெறாமகன்தான். எனவே காணிப் பதிவகத்தில் இரண்டு வேலை. ஒன்று, காணியின் பதிவேடான தோம்பின் பிரதி எடுத்து, ஏற்கெனவே ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பது. மற்றது, கேவியட் போடுவது. கேவியட் உறுதி எழுதுவதைத் தடுக்காது. புதிய உறுதி பதிவுக்கு வரும்போது டீச்சருக்கு அறிவித்தல் வர வழி செய்யும். அறிவித்தல் பெறாமகன் தபால் எடுக்கும் வீட்டுக்கு வந்தால் என்ன பயன்? சட்டத்தரணியின் முகவரியைக் கொடுங்கள். தன் சார்பில் காரியம் பார்க்கும் அதிகாரத்தை, அதாவது அற்றோணித் தத்துவத்தை, பெறாமகனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்றும் டீச்சரிடம் கேளுங்கள். "பென்சன் எடுக்க ஒரு பேப்பரில சைன் வச்சனான்" என்று சொன்னால் அந்தப் பேப்பர் அற்றோணித் தத்துவமாக இருக்கலாம். அதை எழுத்தில் இரத்துச் செய்து, பதிவு செய்யப்பட்டிருந்தால் இரத்தையும் பதிந்து, வங்கிக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டும்.

நன்கொடை உறுதியை ஏற்கெனவே எழுதிவிட்டார் என்று தெரியவந்தால், மனம் தளர வேண்டாம், நாள் கடத்தவும் வேண்டாம். இரத்துச் செய்ய முடியாத நன்கொடையையும் கடும் நன்றிகெட்ட நடத்தையைக் காரணம் காட்டி மாவட்ட நீதிமன்றத்தில் இரத்துச் செய்ய 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் வழக்குப் போடக் கால எல்லை உண்டு. ஏமாற்றியோ பயமுறுத்தியோ கையொப்பம் வாங்கியது தனி வழக்குக் காரணம். உறுதியில் "சீவிய உருத்து" டீச்சருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவர் உயிரோடு உள்ளவரை அந்த வீட்டிலிருந்து யாரும் அவரைக் கிளப்ப முடியாது. இதற்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குப் போங்கள்.

இனித்தான் கந்தோர்களைக் கோர்ப்பது. போவதற்கு முன் ஒரு கொப்பி தயாராக இருக்க வேண்டும். நீண்ட கதை எழுத வேண்டாம், திகதி வாரியாக வரிகள் போதும். மாதிரிக்கு:

"10ஆம் திகதி ஓய்வூதியம் கணக்கில் விழுந்தது. 11ஆம் திகதி இரண்டு முறை ஏ.டி.எம். எடுப்பு, மீதி 740 ரூபா. 12ஆம் திகதி டீச்சர் எங்களிடம் அரிசிக்கு 1000 ரூபா கடன் கேட்டார்."

இப்படி மூன்று மாதம் இருந்தால் எந்த அதிகாரியும் "குடும்பப் பிரச்சினை" என்று தட்டிக்கழிப்பது கஷ்டம். கிளினிக் கொப்பியையும் பாருங்கள். பிரஷர், சீனி மருந்து எடுக்கும் ஒருவரின் கொப்பியில் அடுத்தடுத்து இரண்டு திகதிகள் வெறுமையாக இருந்தால், அழைத்துச் செல்ல ஆளிருந்தும் கூட்டிப்போகவில்லை என்பதற்கு அதுவே எழுத்து மூல அடையாளம். டீச்சர் சொன்னதை அவருடைய வார்த்தையிலேயே எழுதுங்கள். "அவன் என்னை வெருட்டுறான்" என்பதை "மனரீதியான துன்புறுத்தல்" என்று நீங்கள் திருத்தி எழுதினால் அதன் பெறுமதி போய்விடும்.

கொப்பியோடு போக வேண்டிய இடம் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். கேட்க வேண்டியது முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரை. அவர் இல்லாவிட்டால் சமூக சேவை உத்தியோகத்தரை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 60 வயதைக் கடந்தவரை முதியவராகக் கொள்கிறது. அந்தச் சட்டத்தில் உள்ள பராமரிப்புச் சபைக்கு மனுப் போடச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள். அந்தச் சபை பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகளுக்கு எதிரானது. பெறாமகனை அது பிடிக்காது; லண்டனில் இருக்கும் மகளைத்தான் பிடிக்கும். இந்த நோய்க்கு அது மருந்தல்ல.

அந்த உத்தியோகத்தரிடம் ஒன்றை மட்டும் உறுதியாகக் கேளுங்கள்: இதை ஒரு கோப்பாகத் திறந்து, ஒரு கூட்டத்துக்கு எல்லோரையும் அழைக்க வேண்டும். கிராம அலுவலர், பொலிஸ் சிறுவர் மகளிர் பிரிவு, பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர், தேவைப்பட்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து ஒருவர். பிரதேச செயலாளர் கையொப்பமிட்டு அழைத்தால் வருவார்கள், வாய்ச்சொல்லுக்கு வரமாட்டார்கள். இப்படியான கூட்டங்கள் இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, பெறாமகனையும் அதே அறைக்குள் அழைத்து "இரண்டு பக்கமும் கேட்போம்" என்று தொடங்குவது. அவன் எதிரே இருக்க டீச்சர் வாய் திறக்கமாட்டார். "ஒண்டும் இல்லை சேர், பிள்ளை நல்லவன்" என்பார், கோப்பு மூடப்படும். மற்றது, எல்லோரும் தலையாட்டிவிட்டு யார் எதை எப்போது செய்வது என்று எழுதாமல் கலைவது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயரும் ஒரு திகதியும் குறிப்பில் இருக்க வேண்டும்.

கிராம அலுவலரைக் குறைவாக எண்ண வேண்டாம். ஓய்வூதியக்காரரின் வருடாந்த உயிர்வாழ் சான்றிதழ் அவர் கையால் போவது. பெறாமகன் கொண்டுவந்த படிவத்தில் ஒப்பமிடாமல், "டீச்சரை நேரில் பார்த்துத்தான் வைப்பேன்" என்று அவர் நின்றாலே வீட்டுக்குள் போக ஒரு நியாயமான காரணம் கிடைத்துவிடும்.

பொலிஸுக்குத் திரும்பப் போகும்போது டீச்சரோடு போங்கள், வார்த்தையைக் கவனியுங்கள். "சொத்துப் பிரச்சினை" என்று தொடங்கினால் இணக்கசபைதான் பதில். நடந்ததைச் சொல்லுங்கள்: அனுமதியில்லாமல் இன்ன திகதியில் இவ்வளவு பணம் எடுத்தார், அட்டையைத் தர மறுக்கிறார், கையொப்பம் வைக்காவிட்டால் இன்னது செய்வேன் என்று மிரட்டினார். நம்பிக்கை மோசடி, ஏமாற்றுதல், மிரட்டிப் பறித்தல் எல்லாம் தண்டனைச் சட்டக்கோவையில் உள்ள குற்றங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள். தமிழ் அரசகரும மொழி, கேட்பது உரிமை. சிங்களத்தில் எழுதப்பட்டால், வாசித்து விளங்கப்படுத்தாமல் கையொப்பமிடக் கூடாது. முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொண்டு வெளியேறுங்கள். ஏற்க மறுத்தால் சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர் அலுவலகத்துக்கு எழுதலாம், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்திலும் சொல்லலாம். இணக்கசபைக்கே அனுப்பினாலும் டீச்சர் இணங்க வேண்டிய கட்டாயம் இல்லை. இணங்காவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழ் கிடைக்கும்.

மிரட்டல் இருப்பதால் கையில் இன்னொரு ஆயுதம் இருக்கிறது: 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். கணவன் மனைவிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உடன்பிறந்தவரின் பிள்ளையும் அந்தச் சட்டத்தின் உறவுப் பட்டியலில் இருக்கிறார். மிரட்டிப் பறிப்பதும் அதன் வன்முறைக்குள் வருகிறது. நீதவான் நீதிமன்றத்தில் டீச்சரோ, அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரோ மனுச் செய்யலாம். இடைக்காலக் கட்டளை 14 நாட்களுக்கு, பாதுகாப்புக் கட்டளை அதிகபட்சம் 12 மாதங்களுக்கு. வீட்டுக்குள் வரக்கூடாது என்றும் நீதிமன்றம் சொல்லலாம். டீச்சர் "அவன் இருக்கட்டும்" என்று சொல்லியிருந்தால் இந்த வழியை இப்போது தொட வேண்டாம்.

ஞாபகம் பிசகுகிறது, திகதி தெரியவில்லை, ஒரே கதையைத் திரும்பச் சொல்கிறார் என்றால், உறுதியோ அற்றோணியோ எழுத முன் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் காட்டி அறிக்கை எடுங்கள். அந்த அறிக்கை இரு பக்கமும் வெட்டும். தெளிவாக இருக்கிறார் என்றால் அவர் சொல்வதை யாரும் தள்ள முடியாது. தெளிவில்லை என்றால் அன்றைக்குப் பிறகு அவர் வைத்த கையொப்பம் எல்லாம் கேள்விக்குரியவை. ஆனால் உங்கள் உதவியோடு அவர் வைத்தவையும் அதில் அடங்கும். அந்த நிலையில் சொத்தைப் பராமரிக்க ஒருவரை நியமிப்பது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை. மகள் மனுதாரராக வரலாம். உடம்பில் காயம் இருந்தால் பொலிஸ் மூலம் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டுங்கள். காயம் ஆறிய பிறகு போய்ப் பலனில்லை.

அடித்தால், பூட்டி வைத்தால், மருந்தை மறைத்தால் மேலே சொன்ன ஒழுங்கு எதையும் பார்க்க வேண்டாம்: பொலிஸ் 119, சுவசெரிய அம்புலன்ஸ் 1990. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

கூட்டக் குறிப்பில் அடுத்த சந்திப்புத் திகதியைப் போடும்போது மாதத்தின் 12ஆம் நாளைக் கேளுங்கள். ஓய்வூதியம் வழக்கமாக 10ஆம் திகதி வரும். இரண்டு நாள் கழித்துக் கிராம அலுவலர் டீச்சர் வீட்டுக்குப் போய், புதிய வங்கிப் புத்தகத்தை அவர் கையில் வைத்தே பார்க்க வேண்டும்.