ஒப்பனை படிப்பவர் ஸ்டூடியோவில் முகப் படம் எடுக்கவும் அதைத் திருத்தவும் கற்க வேண்டுமா?

ஒப்பனைப் பயிற்சியில் இருக்கும் ஒருவர், தம் வேலையைக் காட்டும் படங்களைத் தாமே எடுத்துத் திருத்திக்கொள்வதற்காக ஸ்டூடியோ படப்பிடிப்பையும் ஃபோட்டோஷாப்பையும் கற்கலாமா, கற்பதானால் எதில் தொடங்குவது, ஃபோட்டோஷாப்பிலேயே தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறார். கற்கலாம், கற்கவும் வேண்டும். ஆனால் கேள்வியில் ஃபோட்டோஷாப்புக்குத் தந்திருக்கும் முதலிடத்தை நான் தர மாட்டேன். ஒளியை முதலில் கற்றவருக்குப் பிறகு திருத்த வேண்டியது கொஞ்சமாகத்தான் மிஞ்சும். அந்தக் கொஞ்சத்திலும் பாதியை ஒப்பனை பழகிய கை ஏற்கெனவே அறிந்திருக்கும்.

நான் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் மணப்பெண் ஒப்பனை செய்து வருகிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் சுற்றிலும் உள்ள ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் வேர்விட்ட குடும்பத்துப் பெண்கள். ஈப்போவில் ஒப்பனை வகுப்புக்குப் போய்வந்த காலத்தில், எங்கள் பட்டணத்துக் கடைவரிசையின் மாடியில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு பெரியவரிடம் விடுமுறை நாள்களில் உதவிக்கு நின்றேன். பின்திரையை மாற்றுவது, ஒளியை முகத்துக்குத் திருப்பும் ரிஃப்ளெக்டர் பலகையைப் பிடிப்பது, மணப்பெண்ணின் நெற்றியில் அரும்பும் வியர்வையை டிஷ்யூவால் ஒற்றி எடுப்பது ஆகியவைதாம் என் வேலை. எல்லாரும் அவரை மாமா என்றே அழைப்போம். அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம், "முகத்தப் பாக்காதம்மா, மூக்கு நிழல் எங்க விழுதுன்னு பாரு" என்பதுதான்.

அழகுப் படங்களுக்கென்று உலகெங்கும் பயன்படுத்தப்படும் ஒளியமைப்பு இந்த மூக்கு நிழலைச் சுற்றியே அமைந்தது. முதன்மை விளக்கைக் கேமராவுக்கு நேர் மேலே, முகத்தை நோக்கிச் சாய்வாக நிறுத்தினால், மூக்கின் அடியில் சிறியதொரு பட்டாம்பூச்சி வடிவில் நிழல் விழும். அந்த நிழல் மேலுதட்டைத் தொட்டால் விளக்கு அதிக உயரத்தில் இருக்கிறது என்று பொருள். நிழலே இல்லாவிட்டால் விளக்கு மிகத் தாழ்ந்துவிட்டது, கன்னத்து எலும்பும் அதோடு மறைந்திருக்கும். மார்புக்குக் கீழே ஒரு வெள்ளைப் பலகையை ஏந்தினால் கண்ணடிப் பள்ளமும் தாடைக்கீழ் இருளும் இளகும். கன்சீலரால் மூட முயலும் கருவளையத்தில் பெரும்பகுதி உண்மையில் மேலிருந்து வரும் ஒளியின் நிழல்தான் என்பது அப்போது தெரியும். இந்தப் பலகையை வைத்தும் எடுத்தும் ஒரே முகத்தை இரண்டு படம் எடுத்துப் பார்த்தாலே, கண்ணுக்கடியில் கன்சீலர் எவ்வளவு போதும் என்ற அளவு புரியத் தொடங்கிவிடும்.

விளக்கின் தூரத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஒளியின் அளவு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகிவிடும். விளக்கு நெற்றியிலிருந்து 50 சென்டிமீட்டரிலும் தாடையிலிருந்து 70 சென்டிமீட்டரிலும் இருந்தால், நெற்றிக்குக் கிடைப்பதில் பாதி ஒளியே தாடைக்குக் கிடைக்கும். அதே விளக்கை ஒரு மீட்டர் பின்னால் நகர்த்தினால் தாடைக்கு முக்கால் பங்குக்கும் மேல் கிடைக்கும். ஆனால் பின்னால் போகப் போக விளக்கு முகத்துக்குச் சிறியதாகத் தெரிந்து, நிழலின் ஓரம் கூர்மையாகும். தோலின் மேடுபள்ளம் எல்லாம் எழுந்து நிற்கும். தாடையில் ஃபவுண்டேஷன் நிறம் ஒத்துப்போகவில்லை என்று மாணவர்கள் பதறும் இடங்களில் பாதிக்குக் காரணம் இந்தத் தூரம்தான், ஃபவுண்டேஷன் அன்று.

நம் தோலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தோலிலிருந்து ஒளி இரண்டு வகையில் திரும்புகிறது: தோலுக்குள் நுழைந்து நிறத்தோடு சிதறி வருவது ஒன்று, மேற்பரப்பிலேயே பட்டுத் தெறிக்கும் பளபளப்பு மற்றொன்று. மாநிறத்திலும் கருநிறத்திலும் முதல் வகை குறைவு என்பதால், இரண்டாவது வகைப் பளபளப்பே முகத்தின் வடிவத்தைக் காட்டுகிறது. அதனால்தான் வெளிர்நிற முகத்துக்காகச் சொல்லித்தரும் "பளபளப்பைப் பவுடரால் முழுக்க அடக்கு" என்ற பாடம் நம் பெண்களின் முகத்தில் பலிப்பதில்லை. எல்லாவற்றையும் அடக்கிவிட்டால் முகம் சாம்பல் பூத்துத் தட்டையாகிவிடும். நெற்றி நடுவையும் மூக்கின் பக்கங்களையும் மட்டும் அடக்கி, கன்னமேட்டில் பளபளப்பை விட்டுவைத்து, விளக்கின் ஒளியை வெள்ளைத் துணி வழியே பரப்பும் பெரிய சாஃப்ட்பாக்ஸை நெருக்கமாக நிறுத்தினால், அந்தப் பளபளப்பு புள்ளியாகத் தெறிக்காமல் அகலமாகவும் மென்மையாகவும் படரும். வெள்ளையாகக் காட்டச் சொல்லிக் கேட்கும் அத்தைமார்கள் எல்லாக் கல்யாணத்திலும் உண்டு. அவர்களிடம் வாதம் செய்வதைவிட, இப்படி எடுத்த ஒரு படத்தைக் கேமராத் திரையில் காட்டிவிடுவது எளிது.

கேமராவின் தானியங்கி அளவீடும் இங்கே கைவிடும். எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்றே அது எடுத்துக்கொள்வதால், கருநிற முகம் படச்சட்டம் நிறைய இருந்தால் தேவைக்கு மேல் வெளிச்சமாக்கும். வெள்ளைத் திரையின் முன் நின்றால் முகத்தை இருட்டாக்கும். 18 விழுக்காட்டுச் சாம்பல் அட்டை ஒன்றை முகத்தின் அருகே பிடித்து அளவெடுத்துவிட்டு, அதன் பிறகு கையாலேயே அமைத்துக்கொள்வதுதான் வழி. கலர் ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு அனுப்பிவந்த, ஷெர்லி அட்டை என்று பெயர் பெற்ற மாதிரிப் படத்தில், பல பத்தாண்டுகளாக ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் தோலே அளவுகோலாக இருந்தது. பல இன முகங்கள் கொண்ட அட்டை 1990களில்தான் வந்தது. பழைய கல்யாண ஆல்பங்களில் நம் பாட்டிமார் ஏன் அப்படித் தெரிகிறார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தராத ஒன்றை ஸ்டூடியோவில்தான் கண்டேன். சிவப்புக் கூரைச் சேலை கட்டி, கீழே வெள்ளைப் பலகையும் வைத்து எடுக்கும்போது, மேலிருந்து விழும் ஒளி பட்டில் பட்டுத் திரும்பித் தாடையின் அடியில் ஒரு செம்மையைப் பூசிவிடும். கழுத்து நிறைய ஆரமும் அட்டிகையும் இருந்தால் தொண்டைக் குழியில் மஞ்சள் திட்டு விழும். கண்ணுக்கு இது தெரியாது. படத்தில், கழுத்துக்கும் முகத்துக்கும் இரண்டு ஃபவுண்டேஷன் போட்டது போலத் தெரியும். மாமா ஒரு வெள்ளைத் துண்டை எப்போதும் நாற்காலியின் முதுகில் போட்டு வைத்திருப்பார். முகம் மட்டும் தெரியும் படமென்றால், சட்டத்துக்கு வெளியே மணப்பெண்ணின் மடியிலும் மார்பிலும் அந்தத் துண்டை விரித்துவிடுவார். செம்மை அந்த நொடியே காணாமற்போகும். இதைக் கணினியில் சரிசெய்வதானால் கழுத்தைத் தனியே தெரிவுசெய்து, நிறத்தை மாற்றி, ஆரத்தின் ஒவ்வொரு விளிம்பையும் காப்பாற்றிக்கொண்டு வர வேண்டும்.

விளக்கின் நிறத்தைப் பற்றியும் ஒப்பனை செய்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்இடி விளக்குப் பெட்டிகளில் சிஆர்ஐ 95 என்று அச்சிட்டிருப்பார்கள்; நிறங்களை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண் அது. அந்த மதிப்பெண் 8 வெளிர் மாதிரி நிறங்களின் சராசரி மட்டுமே. அழுத்தமான சிவப்பான 9ஆவது மாதிரி அதில் சேர்வதில்லை. உதட்டுச் சாயமும் குங்குமமும் தோலின் உயிர்ப்பும் அந்தச் சிவப்பில்தான் இருக்கின்றன. ஆகவே ரிங் லைட் வாங்கும்போது அந்த 9ஆவது மாதிரிக்கான ஆர் 9 மதிப்பு தனியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; கொடுக்காதவர்கள் பெரும்பாலும் காரணத்தோடுதான் கொடுக்காமல் இருக்கிறார்கள். ஸ்டூடியோ ஃப்ளாஷின் உள்ளே இருக்கும் பழைய வகை வழிகாட்டி பல்பு மஞ்சள் ஒளி தரும், ஃப்ளாஷோ பகல் வெளிச்சத்தைப் போன்ற ஒளி தரும். எனவே அந்தப் பல்பின் கீழ் பிளஷ் போட்டால் அளவு தப்பும். ஒப்பனை மேசை சன்னலோரமாகவோ பகல் நிற விளக்கின் கீழோ இருக்கட்டும்.

சன்ஸ்கிரீன் சேர்ந்த ஃபவுண்டேஷனில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடும் துத்தநாக ஆக்சைடும், சில பவுடர்களில் உள்ள சிலிக்காவும் ஃப்ளாஷ் ஒளியை அப்படியே திருப்பி அனுப்பி முகத்தை வெளுத்துக் காட்டும். ஃப்ளாஷ் லென்ஸின் பக்கத்திலேயே இருக்கும்போது இது மிகக் கடுமையாகத் தெரியும். ஸ்டூடியோவில் விளக்கு தள்ளி இருப்பதால் தப்பித்துவிடலாம். மண்டபத்தில் உறவினர்கள் கைப்பேசியில் எடுக்கும்போது மாட்டிக்கொள்வோம். மணப்பெண்ணை அனுப்புவதற்கு முன் விளக்கை அணைத்து, கைப்பேசி ஃப்ளாஷில் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

கேமரா அமைப்பில் தலையைப் போட்டு உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஸ்டூடியோ ஃப்ளாஷுக்கு ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125, அப்பர்ச்சர் எஃப் 8 அல்லது எஃப் 11 என்று வைத்தால் இமைமுடி முதல் காது வரை தெளிவாக விழும். முகத்திலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி நில்லுங்கள். கிட்டே போனால் மூக்கு பெருத்துக் காது பின்வாங்கும், நீங்கள் போட்ட கான்டூருக்கும் அர்த்தம் இருக்காது. படத்தை ரா கோப்பாக, அதாவது கேமரா பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பாகச் சேமியுங்கள். வழக்கமான ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள். 14 பிட் ரா கோப்பில் 16,384. தோல்நிறத்தைச் சற்றே நகர்த்தும்போது இந்த வேறுபாடு தெரியும்.

இனித் திருத்தம். மாமா ஃபிலிம் காலத்தில் நெகட்டிவின் மேலேயே கூர்மையான பென்சிலால் பருக்களை மறைத்தவர். பரு அச்சில் கறுப்பாக விழும், நெகட்டிவில் வெளிறிய புள்ளியாக இருக்கும். அந்தப் புள்ளியைப் பென்சிலால் நிரப்பினால் அச்சில் பரு இருக்காது. முகம் முழுவதையும் மழுக்கும் வசதி அந்தத் தொழிலில் கிடையாது என்பதால், எதைத் தொட வேண்டும் என்று ஒவ்வொரு புள்ளிக்கும் முடிவெடுத்தாக வேண்டும். இன்றைக்கும் அந்த ஒழுங்கைத்தான் பரிந்துரைப்பேன். ஃபோட்டோஷாப்பில் மூலப் படத்தின் மேல் வைக்கும் தனி அடுக்கில், பக்கத்துத் தோலைக் கொண்டு குறையை மறைக்கும் ஹீலிங் பிரஷால் பரு, உதிர்ந்த மை, ஒட்டிய முடி ஆகியவற்றை மட்டும் எடுங்கள். ஒரு வாரத்தில் தானாகப் போவதை எடுக்கலாம். மச்சமும் தழும்பும் அந்தப் பெண்ணுடையவை, அவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

அடுத்தது டாட்ஜ் அண்ட் பர்ன், அதாவது சிறு சிறு இடங்களை வெளிச்சமாக்குவதும் இருளாக்குவதும். 50 விழுக்காட்டுச் சாம்பல் நிரப்பிய ஓர் அடுக்கை சாஃப்ட் லைட் முறையில் வைத்து, ஒரு தீற்றலில் விழும் சாயத்தின் அளவான ஓட்டத்தை (ஃப்ளோ) 2, 3 விழுக்காடாக வைத்து, மென்மையான பிரஷால் வெள்ளையும் கறுப்பும் தீட்டுவதுதான் செய்முறை. ஹைலைட்டரும் கான்டூரும் போடும் கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. எங்கே எலும்பு எழுகிறது, எங்கே நிழல் முடிய வேண்டும் என்பதைக் கணினி மட்டும் கற்ற பையன்கள் மாதக் கணக்கில் தேடுவார்கள். ஒப்பனை மாணவிக்கு அது விரலிலேயே இருக்கிறது. நெருக்கமாகப் பெரிதாக்கி வேலை செய்துவிட்டு, அடிக்கடி முழு முகத்துக்குத் திரும்பிப் பாருங்கள். துளை துளையாகப் பார்த்துக்கொண்டிருந்தால் எதுவும் குறையாகவே தெரியும்.

நிறத்தையும் தோலின் நுண்ணமைப்பையும் இரண்டு அடுக்குகளாகப் பிரிக்கும் ஃப்ரீக்வென்சி செப்பரேஷனைத் தொடக்கத்தில் தொட வேண்டாம் என்பது என் கருத்து. கருவி நல்லதுதான்; சேலைச் செம்மை போன்ற நிறத்திட்டுகளுக்கு மிகவும் உதவும். ஆனால் கைவரும் முன் பிடித்துக்கொண்டவர்களின் படங்களில் தோல் எல்லாம் ரப்பர் ஷீட்டாகிவிடுகிறது. ஃபோட்டோஷாப்புக்கு மாதச் சந்தா கட்ட முடியாதவர்கள் இலவசமான கிம்ப்பில் பழகலாம். 2018இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து இதே வேலைக்கு வேவ்லெட் டீகம்போஸ் என்ற வசதி அதிலேயே இருக்கிறது.

ஒப்பனை செய்பவர் தம் சொந்த வேலையைத் திருத்திக் காட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. கலக்காத ஃபவுண்டேஷன் ஓரத்தையும் ஏறுமாறான ஐலைனரையும் கணினியில் சரிசெய்து படத்தொகுப்பில் வைத்தால், அதைப் பார்த்து முன்பணம் கட்டும் பெண்ணுக்கு மண்டபத்தில் அந்த முகம் கிடைக்காது. விளம்பரங்களில் உடலமைப்பைத் திருத்தி மாற்றியிருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்று பிரான்ஸ் 2017இலும் நார்வே 2022இலும் விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி அதைவிடக் குறுகலானது: பின்திரையையும், தோலில் தற்காலிகமாக வந்ததையும், ஒளி செய்த கோளாறையும் திருத்துவேன், என் பிரஷ் போட்ட எதையும் திருத்த மாட்டேன். திருத்தாத மூலப் படத்தையும் கோப்பில் வைத்திருப்பேன், கேட்பவர்களுக்குக் காட்டுவேன்.

நம்மைப் போன்ற சிறு பட்டணத்தில் தொடங்க அதிகச் செலவு வேண்டியதில்லை. வடக்குப் பார்த்த சன்னல், அதற்கு மெல்லிய வெள்ளைத் திரை, பொலிஸ்டைரின் பலகை ஒன்று, பொறுமையாக உட்காரும் தங்கையோ தோழியோ ஒருத்தி இருந்தால் மேலே சொன்னவற்றில் பெரும்பகுதியைக் கைப்பேசியிலேயே பழகலாம். 2 மடங்கு அல்லது 3 மடங்கு லென்ஸை மட்டும் பயன்படுத்துங்கள். அடுத்து, ஸ்டூடியோ வைத்திருப்பவரிடம் போய், உங்கள் ஒப்பனைக்கு அவர் படம், அவர் ஒளியமைப்புச் சோதனைக்கு நீங்கள் ஒப்பனை செய்த முகம் என்று கூலியில்லா ஏற்பாடு பேசுங்கள். படத்தை யார் எங்கே வெளியிடலாம் என்பதை மாடலாக உட்காருபவரிடமும் முன்கூட்டியே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். காசு சேர்ந்த பிறகு வாங்குவதானால் முதலில் ஒரு நல்ல விளக்கு, அதன் பிறகு நிறத்தைச் சரியாகக் காட்டும் ஐபிஎஸ் திரை, கடைசியில்தான் கேமரா. சிறிய சென்சார் கொண்ட பழைய டிஎஸ்எல்ஆரும் ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸும் முகப் படத்துக்குத் தாராளமாகப் போதும், இரண்டையும் செகண்ட் ஹேண்டில் வாங்கலாம்.