அப்பா குடிய விடமாட்டேங்கறார், தினமும் சண்டை – பதில்

தம்பி, கோத்தகிரில டீ பேக்டரி ஷிப்ட் முடிஞ்சு அப்பா குடிச்சுட்டு வர்றாரு, வீடே சேந்து திட்டியும் கேக்கலன்னு எழுதிருந்தீங்க. திட்டறது வேலைக்கே ஆகாதுங்க, 1993ல அமெரிக்கால மில்லர்ங்கற உளவியல் நிபுணரோட குழு பண்ண ஆய்வுல, குடிய விட ஆலோசனை சொல்ற கவுன்சிலர் குடிக்கறவரோட எவ்ளோ மல்லுக்கு நின்னாரோ, ஒரு வருஷம் கழிச்சு குடிக்கறவரு அவ்ளோ அதிகமா குடிச்சிட்டிருந்தாரு. எங்க சித்தப்பா குன்னூர்ல பச்சைத்தேயிலை எடை போடறவரு, காலைல டீயும் வர்க்கியும் வச்சுட்டு "குடிக்கறதுல என்ன புடிக்குது, என்ன புடிக்கல"ன்னு மட்டும் கேட்டேன், ரொம்ப நேரம் வர்க்கிய பிச்சுட்டே இருந்தாரு, அப்புறம் அவரே "கை நடுங்குதுடா, எடைய தப்பா எழுதறேன்"னாரு. குடிய விடறதுக்கான காரணம் அவங்க வாயாலயே வரணும், நாம சொன்னா எதிர்த்துதான் பேசுவாங்க. ஆனா உங்கப்பாவுக்கும் காலைல நடுக்கம் இருந்தா திடீர்னு நிறுத்த சொல்லிடாதீங்க, வலிப்பு வரலாம், மொதல்ல டாக்டர். போதைல இருக்கப்ப பேச்சே எடுக்காதீங்க.