ஒடிசியை நடுவுல இருந்து போடுங்க

வணக்கம் நண்பரே. '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'ங்கிற விண்வெளிப் படத்தைப் போட்டா 14 வயசுப் பையன் 20 நிமிஷத்துல தூங்கிட்டான்னு வருத்தப்பட்டிருந்தீங்க. அவன் மேல தப்பில்ல. கிட்டத்தட்ட முதல் 25 நிமிஷம் வசனமே கிடையாது.

வியாழனுக்குப் போற டிஸ்கவரி விண்கப்பல் வர்ற இடத்துல இருந்து போடுங்க. ரெண்டு வீரர்களும் சாப்பிட்டுக்கிட்டே தட்டையான திரையில செய்தி பார்ப்பாங்க. 2011ல ஆப்பிள் தொடுத்த வழக்குல, டேப்லெட் வடிவம் புதுசில்லன்னு காட்ட சாம்சங் இந்தக் காட்சியைத்தான் எடுத்து வச்சுது. படம் வந்தது 1968ல, நிலாவுல மனுஷன் கால் வைக்கிறதுக்கு முந்தின வருஷம்!

அப்புறம் அந்தக் கப்பலோட ஹால் கணினி வீரர்களோட உதட்டசைவைப் படிக்கிற இடம். எனக்கு இன்னிக்கும் அங்க வயித்தக் கலக்கும். படத்துல விண்வெளிக்குப் பயணிகளை ஏத்திட்டுப் போற பான் ஆம் விமான கம்பெனி 1991லயே மூடிடுச்சுன்னும் சொல்லுங்க. எது பலிச்சது, எது பலிக்கலன்னு அவனே தேடுவான். போன்ல மட்டும் வேண்டாம், டிவியில போட்டு லைட்டை அணைச்சிடுங்க.