அந்த யூஎஸ்பி கேபிளை கடையிலயே திருப்பிக் கொடுத்துடுங்க அக்கா

கேள்வி: அண்ணே, வீட்டுல பழைய விண்டோஸ் 10 கம்ப்யூட்டர் ஒன்னு இருக்கு, போன மாசம் புது லேப்டாப் வாங்கிட்டோம். பழசுல பத்து வருஷத்து தைப்பூச போட்டோ, பத்துமலையில எடுத்த காவடி வீடியோ, மக கல்யாண ஆல்பம்னு 280 ஜிபி கெடக்கு. பென்டிரைவ்ல மாத்தி மாத்தி எடுத்து வெறுத்துப்போச்சு. கடையில கேட்டா ரெண்டு பக்கமும் யூஎஸ்பி தலை உள்ள கேபிள் ஒன்னு கொடுத்தாங்க, மகன் அது வேணாம், கிராஸ் கேபிள்தான் வேணும்ங்கிறான். எது சரி?
- செந்தூல் வாசகி

பதில்: அக்கா, முதல்ல அந்த யூஎஸ்பி கேபிளை சொருகிடாதீங்க. ரெண்டு கம்ப்யூட்டரும் அந்த போர்ட் வழியா 5 வோல்ட் கரண்ட் வெளிய தள்ளும், ரெண்டும் முட்டிக்கிட்டா போர்ட் போனாலும் போயிடும், ஃபைல் ஒன்னும் வராது. நடுவுல சின்ன பொட்டி மாதிரி சர்க்யூட் வச்ச டிரான்ஸ்ஃபர் கேபிள்னு ஒன்னு இருக்கு, அது வேற ஜாதி.

மகன் சொல்றது அந்தக் காலத்துக்கு சரி. லேன் கேபிள் தலை கண்ணாடி மாதிரி இருக்கும்ல, உள்ள கலர் கலரா எட்டு வயர் தெரியும், ரெண்டு முனையிலயும் ஒரே வரிசைன்னா சாதா கேபிள், ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறியிருந்தா கிராஸ். இப்ப உள்ள கிகாபிட் (1000 வேக) லேன் போர்ட் தானாவே புரிஞ்சு மாத்திக்கும், அதனால ரவுட்டரோட வந்த குட்டி கேபிளே போதும். புது லேப்டாப்ல லேன் ஓட்டையே இல்லன்னா யூஎஸ்பி 3 கிகாபிட் அடாப்டர் ஒன்னு வாங்குங்க, கோலாலம்பூர் லோ யாட் பிளாசா பக்கம் போனா கெடைக்கும்.

சொருகினதும் லிங்க் ஸ்பீட் (கேபிள் ஓடுற வேகம், எம்பிபிஎஸ் கணக்கு) பாருங்க. 1000னு காட்டினா 280 ஜிபி முக்கால் மணி நேரத்துல இருந்து ஒரு மணி நேரம் சொச்சத்துக்குள்ள முடியும், பழைய ஹார்ட் டிஸ்க்னா இன்னும் கொஞ்சம் இழுக்கும். 100னு காட்டினா ஏழு மணி நேரம். கிகாபிட்டுக்கு எட்டு வயரும் வேணும், 100க்கு நாலே போதும், அதனால மிச்ச நாலுல ஒரு வயர் உள்ள அறுந்திருந்தாகூட சத்தமில்லாம 100க்கு எறங்கிடும். எங்க வீட்டு நாய் கடிச்ச கேபிள்ல ஒரு ராத்திரி முழுக்க உக்காந்தவன் நான், கேபிளை மாத்திப் பாருங்க.

அடுத்தது ஐபி, அதாவது ரெண்டு மெஷினும் ஒன்னையொன்னு கண்டுபிடிக்கிற நம்பர் முகவரி, லேன் செட்டிங்ஸ்ல நாமளே அடிக்கணும். பழசுல 192.168.50.1, லேப்டாப்ல 192.168.50.2, சப்நெட் ரெண்டுலயும் 255.255.255.0. கேட்வே கட்டத்தை காலியா விடுங்க, அதுல எதையாவது போட்டா லேப்டாப் இந்த கேபிள் வழியா இன்டர்நெட் தேடிக்கிட்டு நிக்கும். 192.168.0, 192.168.1 வரிசை நம்பரை பல ரவுட்டரும் எடுத்துக்கும், அதான் மூணாவது இடத்துல 50.

எல்லாரும் மாட்டிக்கிறது கேபிள்ல இல்லக்கா, இனிமேதான். கேபிள் நெட்வொர்க்கை விண்டோஸ் 'பப்ளிக்'னு எடுத்துக்கிட்டு கதவை சாத்திடும், அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்ல பப்ளிக் பக்கம் ஃபைல் ஷேரிங்கை ஆன் பண்ணுங்க (வேலை முடிஞ்சதும் ஆஃப், இல்லன்னா லேப்டாப்போட கோப்பிகடை வைஃபைக்கு போகாதீங்க). போட்டோ ஃபோல்டரை ரைட் கிளிக் பண்ணி ஷேர் கொடுங்க. லேப்டாப்ல விண்டோஸ் கீயும் ஆரும் சேத்து அமுக்கி \\192.168.50.1னு அடிங்க, பேரும் பாஸ்வேர்டும் கேக்கும், இங்கதான் நாலு நம்பர் பின்னை அடிச்சு அடிச்சு எல்லாரும் சோர்ந்துபோறது. பின் அந்த மெஷினுக்குள்ள மட்டும்தான் செல்லும், நெட்வொர்க்ல செல்லாது. பழசுல ஒரு லோக்கல் யூசர் புதுசா திறந்து பாஸ்வேர்ட் வச்சு, ஷேர்ல அந்த யூசருக்கு படிக்க அனுமதி கொடுத்துட்டா வேலை சுளுவு.

ரெண்டு மெஷின்லயும் ஸ்லீப்பை 'நெவர்'ல வைங்க, பாதியில தூங்கிடும்.

முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் ஃபோல்டர் ப்ராப்பர்டீஸ் திறந்து ஃபைல் எண்ணிக்கை ஒன்னா இருக்கான்னு பாருங்க, அந்த காவடி வீடியோ நாலஞ்சை ஓட்டியும் பாத்துடுங்க. விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சதுதான், அதுக்காக பழசை அன்னைக்கே அழிச்சிடாதீங்க, இன்னொரு காப்பி வெளி ஹார்ட் டிஸ்க்ல ஏறட்டும் முதல்ல.